சொட்டணும், ஒழுகக் கூடாது: சிபாப் மாஸ்க்கோடு அறுபது ராத்திரி

கடலூர் திருப்பாப்புலியூரில் இருபத்தாறு வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்து மோனோபிளாக் பம்பும் சப்மெர்சிபிள் பம்பும் என் மேசைக்கு வந்து போகும். பம்பில் எங்கே கசிகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. 2024 அக்டோபரில், தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்கக் காற்று ஊதும் சிபாப் மெஷினோடு ஒரு சிலிக்கான் மூக்குமூடி வந்து அதை இறக்கி வைத்தது. எதைச் செய்தேன், எதைக் கெடுத்தேன், எது சரியாச்சு என்று பட்டறை நோட்டிலேயே எழுதி வைத்ததை இங்கே எடுத்துப் போடுகிறேன்.

வியாதி (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள்) வந்த கதை சுருக்கமாக. காயில் சுற்றும்போதே கண் அசந்துவிடும். எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கை தவறி, ஒரே மாதத்தில் இரண்டு தடவை முழுக் காயிலையும் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். வீட்டுக்காரி சொன்னதுதான் உறைத்தது. "உங்க குறட்டை எனக்குப் பழகிடுச்சுங்க. அது நடுவுல நின்னு போவுதே, அதுதான் பயமா இருக்கு. நான் படுத்தபடியே எண்ணுவேன். இருபது, இருபத்தஞ்சு வரைக்கும் போவும். அப்புறம்தான் கொர்னு ஒரு இழுப்பு."

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கி, தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். மோட்டாரில் ஒயர் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் மாதிரி படுத்திருந்தேன். கணக்கு வந்தது: மணிக்கு 42 தடவை. மூச்சு பத்து செகண்டுக்கு மேல் நின்றாலோ, நன்றாகக் குறைந்தாலோ ஒன்று என்று எண்ணுவார்களாம். மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை, 15-லிருந்து 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். எனக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. பழைய சக்‌ஷன் ஹோஸ் நைந்துபோனால், பம்பு இழுக்கும்போது உள்பக்கமாகச் சப்பி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஏறாது, மோட்டார் திணறும். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து என் ஹோஸ் சப்பிக்கொள்கிறது. வைத்தியம், உள்ளே இருந்து கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்து அதைச் சப்பாமல் நிறுத்தி வைப்பது. சிபாப் மெஷின் செய்வது அவ்வளவுதான்.

சாமான்கள்

மெஷின் ஒரு டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவு. உள்ளே சின்ன பிளோயர் மோட்டார், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஆறடி ஹோஸ், ஹோஸ் முனையில் மாஸ்க். மாஸ்க்கில் மூன்று ஜாதி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஒன்று, அது ஃபுல் ஃபேஸ். மூக்கை மட்டும் மூடுவது இன்னொன்று. மூக்குத் துவாரத்தில் இரண்டு சிலிக்கான் குமிழ் மட்டும் வந்து உட்காருவது மூன்றாவது, அதை நேசல் பில்லோ என்கிறார்கள்.

நான் மெஷின் வாங்கிய கடையில் இருந்த பையன் என் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாருக்கு லார்ஜ், ஃபுல் ஃபேஸ்" என்று முடித்துவிட்டான். செருப்புக் கடையில்கூடக் காலை உள்ளே விட்டு நாலடி நடக்கச் சொல்வார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் மாஸ்க்குக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பிறகு திருப்பிக் கொண்டுபோனபோது, "பாக்கெட் பிரிச்சா எடுக்க மாட்டோம் சார்." உங்களுக்குச் சொல்கிறேன்: கடையிலேயே படுக்கச் சொல்லி, மெஷினை ஓட விட்டு, மாஸ்க் மாட்டிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். நான் கூச்சப்பட்டேன்.

முதல் ராத்திரி, அக்டோபர் 5

பதினோரு மணிக்கு மாட்டினேன். மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் காற்று கிளம்பி நேரே கண்ணுக்குள் போனது. லீக். லீக்கைக் கண்டால் என் கை தானாக ஸ்பானரைத் தேடும். இங்கே ஸ்பானர் இல்லை, ஸ்ட்ராப் இருந்தது. ஒரு இழுப்பு. சத்தம் கன்னத்துக்கு மாறியது. அங்கே ஒரு இழுப்பு. உதட்டுக்கு மேலே, மீசைக்குள் புர்ர்ரென்று ஆரம்பித்தது. மூன்று மணிக்குள் ஆறு ஏழு தடவை இழுத்திருப்பேன். கழற்றி எறிந்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

காலையில் மூக்குத் தண்டில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கோடு. மெஷின் திரையில் மாஸ்க் சீல் என்ற இடத்தில் சிரிக்கிற முகம் வரணுமாம். எனக்கு வந்தது உம்மணாமூஞ்சி.

இரண்டாம் ராத்திரி அதே கூத்து. மூன்றாம் நாள் பகலில் மாஸ்க்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் வட்டமாகப் பொடிப் பொடி ஓட்டைகள். மெஷினை ஓட விட்டுக் கையை வைத்தால் புஸ்ஸென்று காற்று. "அட, இங்கேதானா!" என்று எனக்கு ஒரே சந்தோஷம். பட்டறையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் எடுத்து வந்து, ஒரு ஓட்டை விடாமல் நேர்த்தியாக ஒட்டினேன்.

அன்று ராத்திரி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வியர்த்து ஊற்றியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தபோது தலை விண்விண்ணென்று தெறித்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். டேப் ஒட்டியதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சார், அது நீங்க விடுற மூச்சு வெளிய போற வழி. அதை அடைச்சீங்கன்னா விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பீங்க. முதல்ல அந்த டேப்பைப் பிரிங்க, அப்புறம் பேசலாம்."

பட்டறையில் உட்கார்ந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் வெட்கமாகப் போனது. பழைய பம்புகளில் சுழலும் தண்டு (சாஃப்ட்) வெளியே வரும் இடத்தில் கிளாண்ட் கயிறு சுற்றி அடைப்போம். வேலைக்கு வரும் பையன்கள் செய்யும் முதல் தப்பு, ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது என்று கிளாண்ட் நட்டை முறுக்குவது. கயிறு கருகும், சாஃப்டில் கோடு விழும். கயிறு நனைந்திருக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும். "சொட்டணும்டா, ஒழுகக் கூடாது" என்று எத்தனை பையன்கள் தலையில் குட்டியிருப்பேன். என் மூஞ்சிக்கு வந்ததும் ஃபிளாஞ்ச் போல்ட்டை முறுக்குகிற மாதிரி முறுக்கியிருக்கிறேன்.

அதன் பிறகு மாஸ்க்கில் முகத்தோடு படியும் சிலிக்கான் குஷனை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு உதடு இருக்கிறது. வெளி உதடு தடி. உள் உதடு வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. காற்று வந்து அந்த மெல்லிசை உப்ப வைக்கும்போதுதான் அது முகத்தோடு படிகிறது. ஸ்ட்ராப்பை இழுத்தால் மெல்லிசு மடிந்து நசுங்கி, மடிப்பு வழியாகக் காற்று கிளம்பும். இன்னும் இழுத்தால் மடிப்பு இடம் மாறும், அவ்வளவுதான். நான் ராத்திரி முழுக்க மடிப்பைத்தான் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் செய்யும் முறை: எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிடுவது. மெஷினைப் போட்டுவிட்டு, தூங்கும் நிலையிலேயே படுப்பது (உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் முகம் படுத்தால் இருப்பதில்லை, கன்னம் பின்னால் சரியும்). மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு நேராக இழுத்து, உள் உதடு உப்பியதும் மெல்ல வைப்பது. கீழ் ஸ்ட்ராப் முதலில், மேல் ஸ்ட்ராப் பிறகு, இரண்டு பக்கமும் சமமாக. புஸ் சத்தம் நின்ற இடத்தில் கையை எடுத்துவிடுவது. ஸ்ட்ராப்புக்குள் ஒரு விரல் தாராளமாக நுழையணும். லீக் வந்தால் முதலில் தளர்த்து, திரும்ப உட்கார வை, அதற்குப் பிறகுதான் இறுக்கு.

டியூப் லெவல் சோதனை

லீக் குறைந்தது, பயம் குறையவில்லை. மாஸ்க்கை மாட்டிய நிமிஷமே மெஷின் என்னை ஊதி வெடிக்க வைத்துவிடும் போல ஒரு எண்ணம். திரையில் 8 என்று எழுதியிருக்கிறது. டாக்டர் வைத்த குறைந்தபட்ச அழுத்தம் அது, 8 சென்டிமீட்டர் தண்ணீர். சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் எனக்குக் கண்ணால் பார்க்கணும்.

அக்டோபர் 11 ஆயுத பூஜை. பட்டறையில் லேத், டிரில்லிங் மெஷின், வைண்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரி சிபாப் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். நல்லவேளை, காற்று இழுக்கும் ஃபில்டர் பக்கம் வைக்கவில்லை. அந்தப் பொட்டு போட்ட மெஷினை 13-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மேசையில் வைத்தேன். பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல். சுவர் மட்டம் பார்க்க அவர்கள் வைத்திருக்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு பலகையில் யு வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் நீலம் கலந்து, நடுவில் பையனின் ஸ்கேலைச் செருகினேன். மெஷின் ஹோஸ் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தி, விரல் இடுக்கில் டியூபின் ஒரு முனையை விட்டேன்.

ஒரு பக்கம் தண்ணீர் இறங்கியது, மறுபக்கம் ஏறியது. வித்தியாசம் ஏழரையிலிருந்து எட்டுக்குள். கையிடுக்கில் கொஞ்சம் போயிருக்கும். ஸ்கேலை எடுத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரற்கடை.

நாலு விரற்கடைத் தண்ணீர்! இளநீரில் ஸ்ட்ரா போட்டு, நாலு விரற்கடை ஆழத்தில் குமிழி வரும்படி ஊத எவ்வளவு மூச்சு வேண்டுமோ அவ்வளவுதான் இந்த மெஷின் எனக்குக் கொடுக்கிறது. முப்பது அடிக் கிணற்றில் வேலை பார்ப்பவன் நாலு விரற்கடைக்கு எட்டு ராத்திரி பயந்திருக்கிறேன். வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, நீலம் சிந்திய மேசை விரிப்பைத்தான் பார்த்தாள்.

இன்னொரு விஷயமும் அன்று பிடிபட்டது. படுத்த உடனே மூச்சு முட்டியதற்குக் காரணம் அழுத்தம் அதிகமானதல்ல, குறைவானது. கடைக்காரர் ரேம்ப் என்ற வசதியைப் போட்டு, 4-ல் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் மெல்ல மெல்ல ஏறும்படி வைத்திருந்தார். 4 எனக்குப் போதவில்லை. மாஸ்க்குக்குள் காற்றே இல்லாத மாதிரி இருந்தது. டெக்னீஷியனிடம் சொன்னேன். டாக்டரைக் கேட்டு 6-ல் ஆரம்பித்துக் கால் மணியில் ஏறும்படி மாற்றிக் கொடுத்தார். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பயம் போய்விட்டது. சிகிச்சை அழுத்தத்தை மட்டும் நானாகத் தொடவில்லை. நம் வேலைக்கு மீட்டர் இருக்கிற மாதிரி அவர்கள் வேலைக்கும் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு டிவி. சாயங்காலம் ஹாலில் சீரியல் ஓடும்போது மாஸ்க்கை முதலில் கையால் பிடித்து மூக்கில் வைத்தேன், ஹோஸ் இல்லாமல். இரண்டு நாள் கழித்து ஸ்ட்ராப் மாட்டி. அப்புறம் ஹோஸும் காற்றும். கால் மணி, அரை மணி. தூங்கணும் என்ற கட்டாயம் இல்லாத நேரத்தில் மூக்கு சீக்கிரம் பழகுகிறது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் என் பையன் போனில் படித்துச் சொன்னான். இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி டாக்டர், காலின் சல்லிவன். 1980-ல் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, இழுக்கிற காற்றை ஊத வைத்துத்தான் முதல் மெஷினைச் செய்தாராம். மாஸ்க்குக்கு ஸ்ட்ராப் கிடையாது, ராத்திரி ராத்திரி மூக்கில் சிலிக்கான் பசை போட்டு ஒட்டுவார்களாம். மோட்டார்க்காரனுக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்? வாக்குவம் கிளீனர் ரீவைண்டிங்குக்கு வந்தால் இப்போது கொஞ்சம் மரியாதையோடு பிரிக்கிறேன்.

அம்மா

ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் என்ன செய்தும் மீசைப் பக்கம் அடங்கவில்லை. ஓரம் கத்தரித்தேன், பிறகு இன்னும் கொஞ்சம். மூன்றாம் தடவை சலூனில் உட்கார்ந்தபோது, "அண்ணே, இதுக்கு மேல எடுத்தா மீசைன்னு சொல்ல முடியாது" என்றான் முடிதிருத்தும் தம்பி. முப்பது வருஷ மீசை. பதினாறாம் நாள் நேசல் பில்லோவுக்கு மாறினேன், இந்தத் தடவை வேறு கடையில், படுத்துப் பார்த்து. குமிழ் துவாரத்தில் உட்காருவதால் மீசைக்கும் அதற்கும் சண்டை இல்லை. சைஸ் மீடியம். முதல் கடையின் ‘லார்ஜ்’ எங்கிருந்து வந்ததோ.

ஆனால் மூக்கு வழியாகப் போகும் காற்று, தூக்கத்தில் வாய் திறந்ததும் அந்த வழியாக வெளியே வந்துவிடுகிறது. காலையில் நாக்கு காய்ந்து அப்பளமாக இருந்தது. தாடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை விற்கிறார்கள், தலையைச் சுற்றி மோவாய்க்குக் கீழே கொண்டுபோய்க் கட்டுவது. வாங்கிக் கட்டினேன். அன்று நல்ல தூக்கம்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நாலரைக்கு எழுந்து வாசல் தெளிப்பவர். அன்று காலை கதவு ஒருக்களித்திருந்திருக்கிறது. எட்டிப் பார்த்தவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது.

வெள்ளைப் பட்டை, தலையைச் சுற்றித் தாடையோடு கட்டி, மல்லாந்து, அசையாமல் ஒரு ஆள். நம் ஊரில் அதை எங்கே பார்த்திருப்போம் என்று சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு வாய்க்கட்டு கட்டும்போது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இது மிஷினுக்கும்மா, காத்து வெளிய போவாம இருக்க" என்றேன்.

"அப்ப கால் கட்டைவிரலையும் சேத்துக் கட்டிக்கயேன்."

அதற்குப் பதில் பேச முடியுமா? அம்மா பட்டையை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பட்டை போய்விட்டதால் வாய் ஏன் திறக்கிறது என்று யோசிக்க வேண்டி வந்தது. பம்பில் தண்ணீர் வெளியே போகும் டெலிவரி வால்வு பாதி அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடத்தான் செய்யும். காது மூக்கு டாக்டரிடம் போனேன். மூக்கு நடுத்தண்டு வலது பக்கம் வளைந்திருக்கிறது, இரண்டு பக்கமும் வீக்கம். இருபத்தாறு வருஷம் வார்னிஷும் தூசியும் இழுத்த மூக்கு. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார், படுப்பதற்கு முன் அடிக்க ஒரு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் மூக்கு திறந்தது, வாய் தானாக மூடிக்கொண்டது. அம்மா அன்று கத்தாமல் இருந்திருந்தால் பட்டையோடே காலத்தை ஓட்டியிருப்பேன்.

எண்ணெயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த ராத்திரியெல்லாம் மாஸ்க் வழுக்கும், ஸ்ட்ராப் பின்னந்தலையில் ஏறிக்கொள்ளும். சிலிக்கானுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. காலையில் தேய்த்துச் சீயக்காய் போட்டு நன்றாக எடுத்துவிடுவது, படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, காலையில் குமிழைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைப்பது என்று இப்போது வழக்கம். வெயிலில் போட்டால் சிலிக்கான் சீக்கிரம் கெடும்.

தண்ணீர், ஹோஸ்

மூக்கு காயாமல் இருக்க மெஷினில் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிறது. முதல் வாரம் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினேன். ஆறாம் நாள் தொட்டியின் அடியில் இட்லிப் பானையில் படிகிற மாதிரி வெள்ளைப் படலம். ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற வைத்து எடுத்தேன். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றணுமாம். பெட்ரோல் பங்க்கில் பேட்டரித் தண்ணீர் இருக்கிறதே என்று கை போனது. டேப் விஷயம் ஞாபகம் வந்து, முதலில் போன் போட்டுக் கேட்டேன். "பேட்டரிக்கு ஊத்துறதை நுரையீரலுக்கு ஊத்தாதீங்க சார்." மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வைத்து ஐந்து லிட்டர் கேன் வாங்குகிறேன். தினம் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுசு.

ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு மூக்கில் தண்ணீர் பீய்ச்சியது. தேவனாம்பட்டினத்தில் அலை அடித்து மூழ்குகிற மாதிரி கனவு, எழுந்தால் ஹோஸுக்குள் களக் களக் என்று சத்தம். தொட்டியிலிருந்து கிளம்பும் சூடான ஈரக்காற்று, ஏசி குளிரில் ஹோஸ் சுவரில் பட்டுத் தண்ணீராகி, சரிவில் இறங்கி என் மூக்குக்கு வந்திருக்கிறது. மூன்று வேலை செய்தேன். மெஷினைக் கட்டில் மட்டத்திலிருந்து இறக்கி ஒரு முக்காலியில் வைத்தேன், தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே ஓடட்டும் என்று. பழைய ஃபிளானல் துணியில் ஆறடிக்கு ஒரு உறை தைத்து ஹோஸுக்கு மாட்டினாள் வீட்டுக்காரி, தலையணைக்கு உறை போடுகிற மாதிரி. ஈரப்பத அளவை 5-லிருந்து 2-க்கு இறக்கினேன். கடலோரக் காற்று ஏற்கெனவே பிழிந்தால் தண்ணீர் வரும், அதற்கு மேல் எதற்கு?

புரண்டு படுத்தால் ஹோஸ் இழுத்து மாஸ்க்கைக் கோணலாக்கும். கடையில் ஸ்டாண்டு ஆயிரத்து ஐந்நூறு சொன்னான். எங்கள் கட்டிலுக்குக் கொசுவலை கட்டும் கயிறு தலைக்கு மேலேயே போகிறது. பாவாடை நாடாவில் ஒரு சுருக்கு போட்டு அந்தக் கயிற்றில் தொங்கவிட்டு, ஹோஸை அதில் நுழைத்தேன். சுருக்கு கயிற்றில் முன்னும் பின்னும் வழுக்கும். இடமோ வலமோ எங்கே புரண்டாலும் ஹோஸ் கூடவே வரும். செலவு இல்லை. மொத்த வேலையிலும் எனக்குப் பெருமையான ஐட்டம் இதுதான், யாரும் பாராட்டாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

வயிற்றில் காற்று ஏறி உப்புவது இன்னும் முழுசாகப் போகவில்லை. டாக்டர் மேல் வரம்பைக் கொஞ்சம் குறைத்தார், பரவாயில்லை. ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்கு முடிக்கிறேன். நவம்பர் கடைசி வாரம் மெஷின் காட்டிய கணக்கு மணிக்கு 3.1. காயில் எண்ணிக்கை தவறவில்லை.

ஃபெஞ்சல்

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டிய மழை. எங்கள் தெருவில் சாயங்காலம் நாலு மணிக்கே கரண்ட் போய்விட்டது. 2011-ல் தானே புயலுக்குப் பிறகு வாங்கிய இன்வெர்ட்டர் வீட்டில் இருக்கிறது, பேட்டரி 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், சிபாப் அடாப்டர் அதில் லேசாக முனகும்.

பத்து மணிக்கு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். புது பேட்டரியாக இருந்தால் 1800 வாட்-ஹவர். பழசு, பாதிதான் நம்பலாம், 900. சாயங்காலத்திலிருந்து விளக்கும் ஃபேனும் தின்றது போக 500 இருக்கலாம். மெஷின் என் மீட்டரில் தொட்டியைச் சூடாக்கினால் 45 வாட், சூட்டை அணைத்தால் 12. சீலிங் ஃபேன் 75. மெஷின் ராத்திரி முழுக்கத் தின்பதை ஃபேன் ஒன்றரை மணி நேரத்தில் தின்றுவிடும். சூட்டை அணைத்தேன். ஃபேனை நான் சொல்வதற்குள் வீட்டுக்காரி அணைத்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். அம்மா பனை விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். படுங்கம்மா என்றால் கேட்கவில்லை. "உனக்கு மிஷின் காத்து. எங்களுக்கு இது." விசிறி சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன், ஏழு மணி நேரம்.

டிசம்பர் 1 ராத்திரி இரண்டு நாற்பதுக்கு இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி நின்றது. அதன் பிறகு விடியும்வரை வீட்டுக்காரிக்குப் பழைய வேலை, எண்ணுவதும் தட்டுவதும். மறுநாள் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது. கரண்டைப் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருந்தது, ஆற்றோரத்தில் வீடே போனவர்கள் இருந்தார்கள். அன்று ராத்திரி மல்லாந்து படுக்காமல் இருக்கப் பையனின் டென்னிஸ் பந்தை ஒரு துண்டில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டேன். திரும்பினால் குத்தும். ஓரளவுக்கு வேலை செய்தது, முதுகு மூன்று நாள் வலித்தது.

மெஷினில் ராத்திரி எத்தனை மணி நேரம் ஓடியது என்று கோடு கோடாக வரும். 30-ஆம் தேதி நெட்டைக் கோடு, 1-ஆம் தேதி குட்டைக் கோடு, 2-ஆம் தேதி வெற்றிடம்.

கரண்ட் வந்த வாரத்திலேயே மெஷின் கம்பெனியின் 12-லிருந்து 24 வோல்ட் கன்வெர்ட்டரை வாங்கினேன். நானே சுற்றியிருக்கலாம், கை அரித்தது. டேப் ஒட்டிய கை என்பதால் வேண்டாம் என்று விட்டேன். பட்டறையில் கிடந்த 65 ஆம்பியர்-ஹவர் கார் பேட்டரியில் போட்டு ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தேன். படுக்கும்போது 12.6 வோல்ட், எழுந்தபோது 12.4. இரண்டு ராத்திரி தாங்கும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கப் போனேன். ஆசிட் டப்பா வீட்டுக்குள் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். திண்ணையில் மரப்பெட்டிக்குள் வைத்து, ஒயரை மட்டும் ஜன்னல் கட்டையில் துளை போட்டு உள்ளே இழுத்திருக்கிறேன். துளையைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்தாச்சு. அங்கே ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது.